ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ் – படம் பார்த்தவங்க மட்டும் உள்ள வாங்க (முழுக் கதையும் பேசுறோம்)

வலைநூல்

ஜூன் 1, 2023. அமெரிக்காவுக்கு ஒரு நாள் முன்னாடியே இந்தியாவுல வந்தாச்சு, தமிழ் உட்பட 10 மொழியில. 140 நிமிஷம். 2018-ல வந்த முதல் படத்தை விட 23 நிமிஷம் கூட. இவ்வளவு அடர்த்தியா ஒரு அனிமேஷன் படம் வந்ததில்லன்னு தைரியமா சொல்லலாம்.

கதைக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் தெளிவாகணும். பங்க் ஸ்பைடர்மேனான ஹோபி பிரவுன் வர்ற இடமெல்லாம் படம் விட்டு விட்டு ஓடுது, புரொஜெக்டர் கோளாறுன்னு பல பேர் எழுதுறாங்க. அது கோளாறு இல்ல, ஆனா ஏன் அப்படின்னு தெரிஞ்சவங்க விரிவா எழுதுங்க. இன்னொண்ணு, ஆரம்பத்துல, இன்னொரு பிரபஞ்சத்து ஸ்பைடர் பொண்ணு க்வென் பேசுறது டிரம்ஸ் சத்தத்துல அமுங்கிப் போகுதுன்னு புகார். இதுக்குக் காரணம் படமா, தியேட்டரா?

பிரேம்24

சினிமா வினாடிக்கு 24 பிரேம். ஒவ்வொரு பிரேமுக்கும் உடம்போட நிலையை மாத்தினா அனிமேட்டர்கள் அதை ‘ஒன்ஸ்’னு சொல்வாங்க. ஒரே நிலையை 2 பிரேம் பிடிச்சு நிறுத்தினா ‘டூஸ்’. அப்போ வினாடிக்கு 12 நிலைதான், ஒவ்வொண்ணும் 83 மில்லிவினாடி நிக்கும். 3 பிரேம் நிறுத்தினா 8 நிலை, 4 நிறுத்தினா 6.

முதல் படத்துல பனிக்காட்டுக் காட்சியை ஞாபகப்படுத்திப் பாருங்க. கதாநாயகன் மைல்ஸ் டூஸ்ல இருப்பான், அவனுக்குக் கத்துக் கொடுக்கிற மூத்த ஸ்பைடர்மேன் பீட்டர் பி. பார்க்கர் ஒன்ஸ்ல இருப்பாரு. ரெண்டு பேரும் ஒரே ஷாட்ல வலையில ஊஞ்சலாடும்போது ஒருத்தர் வழுக்கிக்கிட்டுப் போறாரு, இன்னொருத்தன் திக்கித் திக்கிப் போறான். அவனுக்கு வித்தை இன்னும் கைவரலங்கிறதை வசனமே இல்லாம சொல்லிட்டாங்க. சக்தி பிடிபட்டதும் அவனும் ஒன்ஸுக்கு வந்துடுவான்.

ஹோபிகிட்ட இதை உச்சத்துக்குக் கொண்டு போயிருக்காங்க. உடம்பு 3 பிரேமுக்கு ஒருமுறை மாறுது, ஜாக்கெட் 4-க்கு ஒருமுறை, சுத்தி இருக்கிற கோடு 2-க்கு ஒருமுறை. மூணும் ஒரே பிரேம்ல தொடங்கினாலும், அடுத்து ஒண்ணா மாறுறது 12 பிரேம் கழிச்சு, அதாவது அரை வினாடிக்கு ஒருமுறைதான். மத்த நேரமெல்லாம் அவனோட ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு ஒத்து வராது. பழைய பத்திரிகையில வெட்டி ஒட்டின பங்க் இசைச் சுவரொட்டி உயிர் பெத்து நடந்தா எப்படி இருக்கும்? அதைத்தான் பிடிச்சிருக்காங்க. கூட்டத்துக்கு அடங்காத ஆளு, பிரேமுக்கும் அடங்க மாட்டான்.

இதுல எங்க சிக்கல் வரும்னா, கேமரா நகரும்போது. கேமரா ஒன்ஸ்ல நகருது, ஆள் டூஸ்ல நிக்கிறான்னு வைங்க. ஆள் நிக்கிற அந்த ரெண்டாவது பிரேம்லயும் பின்னணி நகர்ந்துடும். அப்போ பாத்திரம் தரையில ஒட்டாம நடுங்குற மாதிரி தெரியும். அதனால ஷாட்டுக்கு ஷாட் முடிவு பண்ணணும்: கேமராவையும் டூஸ்ல வைக்கிறதா, இல்ல அந்த ஷாட்டுக்கு மட்டும் ஆளை ஒன்ஸுக்கு மாத்துறதா? முடி, துணி இதெல்லாம் இன்னும் தலைவலி. கம்ப்யூட்டர் கணக்கு போட்டு அசைக்கிற பொருளுக்குத் தொடர்ச்சியான அசைவு வேணும். உடம்பு சட்டுனு தாவினா துணி கிழிஞ்ச மாதிரி உதறும். முதல்ல தொடர்ச்சியான அசைவுக்குக் கணக்கு போட்டு, அப்புறம் அதுல இருந்து தேவையான நிலைகளை மட்டும் எடுத்து நிறுத்தணும்.

அச்சுமை

பிரேம் சார் அசைவைச் சொல்லிவிட்டார். நான் மையைச் சொல்கிறேன்.

சாதாரணப் படத்தில் தூரத்துப் பொருள் மங்கலாகத் தெரியும், அது லென்ஸின் குணம். இந்த இரண்டு படத்திலும் அந்த மங்கல் கிட்டத்தட்ட கிடையாது. அதற்குப் பதிலாக, கண் போகக்கூடாத இடத்தில் வண்ணத்தைப் பிரித்துத் தள்ளி வைக்கிறார்கள். ஓரத்தில் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். 2018-இல் பலர் கண்ணாடி இல்லாமல் 3டி பிரதியைப் பார்க்கிறோமோ என்று குழம்பியது இதனால்தான்.

அச்சுத் தொழில் தெரிந்தவர்களுக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரியும். நாலு வண்ண அச்சில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித் தகடு. தாள் ஒரு நூலிழை நகர்ந்தாலும் ஒரு வண்ணம் மற்றொன்றின் மேல் சரியாக உட்காராது. சிவகாசியில் இதை ரெஜிஸ்டர் விலகல் என்பார்கள், அப்படி வந்த தாளைக் கழித்துக் கட்டுவார்கள். அந்தப் பிழையைத்தான் இவர்கள் ஆழம் காட்டும் கருவியாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புள்ளிகளையும் கவனியுங்கள். எல்லாம் ஒரே அளவில், சம இடைவெளியில் இருந்தால் அது பென்டே புள்ளி; பழைய அமெரிக்கக் காமிக்ஸில் முகத்துக்கும் வானத்துக்கும் மலிவாக வண்ணம் தர உதவியது. இருட்டான இடத்தில் பெரிதாகவும் வெளிச்சத்தில் சிறிதாகவும் இருந்தால் அது ஹாஃப்டோன். நிஜ அச்சில் ஹாஃப்டோன் தகடுகளைக் கோணம் மாற்றி வைப்பார்கள்: கறுப்பு 45 பாகை, மெஜந்தா 75, சயான் 15, மஞ்சள் 0. கோணம் தவறினால் வேண்டாத அலைக்கோலம் விழும்.

படத்தில் வரும் இந்திய நகரமான மும்பாட்டனின் தோற்றத்துக்கு 1970-களின் இந்திரஜால் காமிக்ஸ்தான் மூலம். டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964-இல் வேதாளர் கதையோடு தொடங்கிய வரிசை அது, தமிழிலும் சில காலம் வந்தது. அந்தக் கெட்டியான மஞ்சளும் ஆரஞ்சும், கோட்டுக்கு வெளியே வழிந்த நிறமும் அப்படியே திரையில் இருக்கின்றன. முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த கண்ணுக்கு மும்பாட்டன் அந்நியமாகத் தெரியாது.

ஒலிப்பலகை

சத்தம் பத்தின கேள்விக்கு வர்றேன். தியேட்டர்ல ஒலிக் கருவியில ஒரு அளவுகோல் இருக்கும், 0-ல இருந்து 10 வரை. படத்தைக் கலக்கும்போது 7-ல வெச்சுதான் கலப்பாங்க. 7-ங்கிறது ஒரு திரைச் சேனலுக்கு 85 டெசிபல்னு சோதனை ஒலி வெச்சு அளந்து சரி பண்ணின இடம். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்குதுன்னு ஆளுங்க புகார் சொன்னா, ஆபரேட்டர் 5-க்கு இறக்கிட்டு அப்படியே விட்டுடுவாரு. டால்பி கருவியில 4-க்கு மேல ஒவ்வொரு எண்ணும் ஏறத்தாழ 3.3 டெசிபல். 7-ல இருந்து 5-க்கு வந்தா கிட்டத்தட்ட 6.7 டெசிபல் போயிடும். டிரம்ஸ் அப்பவும் கேக்கும். மெதுவா பேசின வசனம் ஏசி சத்தத்துக்குக் கீழ போயிடும்.

க்வெனோட தொடக்கக் காட்சி இதுக்குச் சரியான உதாரணம். டிரம்ஸ் வாசிப்பு மேல குரல் ஓடுது. டேனியல் பெம்பர்டன் இசையில தாளமும் எலக்ட்ரானிக் ஒலியும் குரல் இருக்கிற அதே அலைவரிசைப் பகுதியில நெருங்கி நிக்குது. தயாரிப்பாளர் ஃபில் லார்டே தியேட்டர்கள் 7-க்குக் குறையாம வைக்கணும்னு வெளிப்படையா கேட்டுக்கிட்டாரு. அதுக்கப்புறம் ஒலி திருத்தின பிரதியும் அனுப்பினாங்க. ஆகவே காரணம் ரெண்டு பக்கமும் இருக்கு.

டப்பிங் பிரதிக்கு இது வேற கணக்கு. இசையும் ஒலிவிளைவும் தனித் தடமா வரும், வசனத்தை அந்தந்த மொழிக்காரங்க மேல கலப்பாங்க. அதனால ஆங்கிலத்துல கேக்காத வரி தமிழ்ல தெளிவா கேக்கலாம், தலைகீழாவும் நடக்கலாம்.

இசை விரும்பிகளுக்கு ஒண்ணு: பிரௌலர்ங்கிற வில்லன் வரும்போது அலறுற அந்த ஒலி, யானைப் பிளிறலை உருமாத்திப் பண்ணினது. முதல் படத்துல இருந்தே இருக்கு. கடைசிக் காட்சியில அது எப்போ நுழையுதுன்னு கேளுங்க. முகம் தெரியறதுக்கு முன்னாடியே காது சொல்லிடும்.

யாழ்நிலா

எல்லாரும் நல்லா விளங்கப்படுத்தியிருக்கிறீங்கள். எனக்கு ஒரு கேள்வி கதையைப் பற்றி. ஸ்பைடர்மேன் கூட்டத்தின்ட தலைவர் மிகேல் ஓ’ஹாரா சொல்லுற, எல்லாப் பிரபஞ்சத்திலயும் நடந்தேயாகவேண்டிய ‘கேனன் நிகழ்வை’ நாங்கள் அப்படியே நம்பவேணுமா? ஸ்பைடர்மேனுக்கு நெருக்கமான பொலிஸ் கப்டன் சாகவேணும், இல்லாட்டி அந்தப் பிரபஞ்சமே சிதையும் எண்டு சொல்லுறார். ஆனா படம் முடியேக்க, பொலிஸ் கப்டனான க்வெனின்ட அப்பா என்ன செய்யிறார் எண்டு பாருங்கோ. வேலையை விட்டுட்டன் எண்டு சொல்லுறார். கப்டனே இல்லை எண்டால் கப்டன் சாகிறது எப்படி? அவையின்ட பிரபஞ்சமான எர்த் 65 சிதையவும் இல்லையே.

கயல்_க

யாழ்நிலா, படத்தோட முக்கியமான இடத்தைப் பிடிச்சுட்டீங்க. இன்னும் ஒரு ஆதாரம் சேர்த்துக்கோங்க. மிகேல் காட்டுற திரையில அந்த நிகழ்வுக்கு ‘ஏஎஸ்எம் 90’னு பேர் இருக்கும். 1970-ல வந்த அமேசிங் ஸ்பைடர்மேன் 90-ஆவது இதழ் அது. இடிபாடு விழும்போது ஒரு குழந்தையைக் காப்பாத்தப் போய் கேப்டன் ஸ்டேசி சாவாரு. அதாவது மிகேல் ‘விதி’ன்னு சொல்றது, 50 வருஷமா எழுத்தாளர்கள் திரும்பத் திரும்ப எழுதின ஒரு காட்சி. எழுதி எழுதிப் பழகினதை இயற்கையோட சட்டம்னு நினைச்சுக்கிட்டான் அந்த மனுஷன். மைல்ஸ் அதை எதிர்த்து ஓடுறது ஏன் அவ்வளவு பிடிக்குதுன்னா இதனாலதான்.

மும்பாட்டன்ல மைல்ஸ் இன்ஸ்பெக்டர் சிங்கைக் காப்பாத்தினதும் தரையில ஓட்டை விழுது, அது மிகேல் சொன்னதுக்குச் சாட்சின்னு சொல்றாங்க. ஆனா அதுக்குச் சில நிமிஷம் முன்னாடிதான் வில்லன் ஸ்பாட் அங்க இருந்த ஆல்கெமாக்ஸ் நிறுவனத்தோட கொலைடர்ங்கிற துகள் மோதல் இயந்திரத்துல புகுந்து சக்தியை எடுத்திருக்கான், கட்டடமே சரிஞ்சிருக்கு. ஓட்டை விழ அந்தக் காரணமே போதும். மிகேல் போய் வாழ்ந்து, பிறகு அழிஞ்சுபோன ஒரு பிரபஞ்சத்தைப் பத்தியும் நமக்குக் கிடைக்கிறது அவன் வாய்மொழி மட்டும்தான்.

எர்த்42

கயல், ஒரு சின்ன மறுப்பு. சிங் பிழைச்சதுக்கு அப்புறம்தான் அந்த ஓட்டை பெருசாகுது, மிகேலோட ஆளுங்க உடனே வந்து அதை அடைக்கப் பார்க்கிறாங்க. வரிசை அப்படி இருக்கிறதால மிகேல் பக்கம் முழுசா பொய்னு இப்போதைக்குத் தள்ளிட முடியாது. அடுத்த பாகம் வரைக்கும் ரெண்டுக்கும் இடம் விட்டுத்தான் எடுத்திருக்காங்க. ஆனா க்வெனோட அப்பா கேப்டன் ஸ்டேசி ராஜினாமா விஷயத்துல யாழ்நிலா சொல்றதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அது பலமான வாதம்.

முடிவைப் பத்தி: மைல்ஸ் தப்பான வீட்டுக்குப் போனது திடீர்த் திருப்பம் இல்ல. 2018 படத்துல அவனைக் கடிச்ச சிலந்தி அப்பவே வண்ணம் பிசகித் துடிக்கும், உடம்புல 42-னு எண் இருக்கும். வேற பிரபஞ்சத்துல இருந்து வந்த பொருள்தான் அப்படித் துடிக்கும்னு பின்னாடி நமக்கே சொல்லிக் கொடுக்கிறாங்க. மிகேலோட நகரமான நியூவா யார்க்ல இருக்கிற வீடு திரும்பும் இயந்திரம் பார்க்கிறது ஆளை இல்ல, மரபணுவை. அவன் உடம்புல இருக்கிறது அந்தச் சிலந்தியோட கையெழுத்து. அதனால அவனோட பிரபஞ்சமான 1610-க்குப் பதிலா 42-க்கு அனுப்புது. அங்க சிலந்தி யாரையும் கடிக்கல, அதனால ஸ்பைடர்மேனே இல்ல. அப்பா இறந்துட்டாரு, மாமா ஆரோன் உயிரோட இருக்காரு, அந்த ஊர் மைல்ஸ்தான் பிரௌலர். முதல் படத்துல ஆல்கெமாக்ஸ் ஆய்வுக்கூடத்துல இருந்து தப்பிக்கும்போது ஒரு விஞ்ஞானி மேல பேகல் ரொட்டியை வீசுவாங்களே, அந்த ஆள்தான் ஸ்பாட். 5 வருஷம் முன்னாடி போட்ட ரெண்டு விதையும் இந்தப் படத்துல முளைச்சிருக்கு.

ஹோபி விஷயத்துலயும் அப்படித்தான். ஸ்பைடர்மேன்களோட தலைமையகத்துல நடக்கும்போது அவன் கையைப் பாருங்க. போற வழியெல்லாம் கருவிகளோட உதிரி பாகங்களை எடுத்துப் பைக்குள்ள போடுறான். கடைசியில க்வென் கைக்கு வந்து சேர்ற கடிகாரம் அதுல செஞ்சதுதான்.

அச்சுமை

க்வென் தந்தையிடம் பேசும் அந்தக் கடைசிக் காட்சியை வண்ணத்துக்காக மட்டும் தனியாகப் பாருங்கள். எர்த் 65 முழுக்க நீர்வண்ணம், அவளுடைய காமிக்ஸ் அட்டைகளின் சாயல். மனநிலை மாறினால் சுவரின் நிறமும் மாறும். இருவரும் விலகி நிற்கும்போது பின்னால் உள்ள பொருள்கள் கரைந்து, வண்ணம் சுவரில் வழிகிறது. கட்டியணைக்கும்போது நிறம் இளகுகிறது. அறையில் விளக்கு மாறியதா என்று தேடாதீர்கள், அங்கே வெளிச்சம் பாத்திரத்தின் மனத்திலிருந்து வருகிறது. படத்தில் மிகச் சிறந்த ஐந்து நிமிடம் எது என்று கேட்டால் சண்டைக் காட்சி எதையும் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஸ்பாட்டின் உடலில் நீலக் கோடுகள் தெரிவதும் காரணத்தோடுதான். ஓவியர் மை போடுவதற்கு முன் வரையும் அடிக்கோடு அது. முழுமையாக வரையப்படாத மனிதன் என்று பொருள். வல்ச்சர் என்ற வில்லன் பழந்தாளில் டா வின்சி வரைந்த பொறி வரைபடம் போல இருக்கிறான். லெகோ பொம்மைக் கட்டைகளாலான காட்சியைச் செய்தது கனடாவைச் சேர்ந்த, அப்போது 14 வயதான மாணவர். டிரெய்லரை லெகோ வடிவில் தானே செய்து காட்டியதைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வலைநூல்

மும்பாட்டனோட ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர் பத்தி யாரும் பேசலையே. 2004-ல வந்த இந்திய ஸ்பைடர்மேன் காமிக்ஸ்ல இருந்து எடுத்த பாத்திரம். அதுல வேட்டி மாதிரி உடுத்தின, யோகி கொடுத்த சக்தியோட வர்ற பையன். படத்துல அதை அப்படியே வைக்காம மாத்தி எழுதினது நல்ல முடிவு. அசைவுக்குக் களரிப்பயிற்றை அடிப்படையா வெச்சிருக்காங்க. மைல்ஸ் பொத்து பொத்துன்னு குதிக்கிற இடத்துல இவன் உடம்பைத் தாழ்த்திச் சுழன்று போறான்.

இன்னொரு விஷயம், உங்களுக்கும் பக்கத்து ஊர்ல பார்த்தவங்களுக்கும் வசனம் வித்தியாசமா இருந்தா சண்டை போடாதீங்க. தியேட்டருக்குப் போனதே ஒண்ணுக்கு மேற்பட்ட பிரதி, படத்தொகுப்புக் குழுவுல இருந்தவரே ஒத்துக்கிட்டாரு. அருங்காட்சியகக் காட்சியில மிகேலோட கம்ப்யூட்டர் உதவியாளர் லைலா ஒரு பிரதியில மிகேலோட செல்ஃபி எடுக்கும், இன்னொண்ணுல அவன் தலைக்குப் பின்னாடி முயல் காது வைக்கும்.

பிரேம்24

ஜூன் கடைசியில வந்த செய்தியையும் இங்க பதிவு பண்ணணும். 1000 பேருக்கு மேல வேலை பார்த்த படம் இது. அதுல சுமார் 100 பேர் படம் முடியறதுக்கு முன்னாடியே விலகிட்டாங்கன்னும், நாளைக்கு 11 மணி நேரத்துக்கு மேல, வாரம் 7 நாளும் வேலை நடந்துச்சுன்னும் பெயர் சொல்லாத கலைஞர்கள் பத்திரிகைக்குச் சொல்லியிருக்காங்க. முடிஞ்ச காட்சியைத் திரும்பத் திரும்பப் பிரிச்சு மாத்தினதுதான் காரணம்னு சொல்றாங்க.

ஒரு மாத்தம் ஏன் இவ்வளவு வலிக்குதுன்னு புரியணும்னா வேலை வரிசை தெரியணும். முதல்ல சித்திரப் பலகை, அப்புறம் கேமரா இடம், அப்புறம் அசைவு, அப்புறம் துணி, முடி, கடைசியா ஒளியும் மையும். சித்திரப் பலகையில ஒரு வரியை மாத்தினா ஒரு மத்தியானத்துல முடியும். மை போட்ட பிறகு தலையை ரெண்டு பாகை திருப்பச் சொன்னா, முகத்துல வரைஞ்ச சுருக்கக் கோடு எல்லாம் இடம் மாறிடும். முதல் படத்துலயே அந்தக் கோடு அடுத்த பிரேம்ல எங்க விழும்னு கணிக்க இயந்திரக் கற்றல் உதவி எடுத்தாங்க. அப்பவும் ஓவியர் ஒவ்வொண்ணையும் பார்த்துத் திருத்தணும். சாதாரண அனிமேஷன் படத்துல ஒருத்தர் வாரத்துக்கு 4 வினாடி முடிப்பாருன்னா, 2018 படத்துல வாரத்துக்கு 1 வினாடிதான் வந்துச்சு. இந்தப் படத்தை மனசாரக் கொண்டாடுறவங்க அந்த வேலையைச் செஞ்சவங்களைப் பத்தியும் பேசணும். அடுத்த பாகத்துக்கு 2024 மார்ச் 29-னு தேதி போட்டிருக்காங்க. மேல சொன்ன வேகத்தை வெச்சுப் பார்த்தா அது நடக்கிற காரியமாத் தெரியல.

யாழ்நிலா

ஓகஸ்ட் 8 டிஜிட்டலில வந்திட்டுது. பிரேம் அண்ணா சொன்னதுதான் நடந்தது, அடுத்த பாகத்தின்ட மார்ச் திகதியை ஜூலை கடைசியிலயே எடுத்திட்டினம்.

இப்ப வீட்டு ரிவியில பாக்கிற ஆக்களுக்கு ஹோபி இன்னும் மோசமாத் தெரியுது எண்டு சொல்லுறாங்கள். உடம்பைச் சுத்தி புகை மாதிரி வருகுதாம். என்ன செய்யவேணும்?

பிரேம்24

ரிவியில அசைவை வழுவழுப்பாக்குற வசதி இருக்கும், முதல்ல அதை அணைக்கணும். எல்ஜியில ட்ரூமோஷன், சோனியில மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில ஆட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. ஃபிலிம்மேக்கர் மோடு இருந்தா அதைப் போட்டாலே பெரும்பாலும் எல்லாம் அணைஞ்சிடும்.

காரணம் இதுதான். அந்த வசதி ரெண்டு பிரேமுக்கு நடுவுல இல்லாத பிரேமைத் தானா உருவாக்கும். ஹோபி 3 பிரேம் அசையாம நிக்கிறான், நாலாவதுல தாவுறான். ரிவி முதல் ரெண்டு இடைவெளியில எதுவும் செய்யாது, மூணாவது இடைவெளியில மட்டும் கை பாதி இங்க பாதி அங்கன்னு கலந்து வைக்கும். கோடு, ஜாக்கெட், உடம்பு தனித்தனி நேரத்துல மாறுறதால எது எங்க போகுதுன்னு அதுக்குக் கணிக்கத் தெரியாது. நீங்க பார்க்கிற புகை அதுதான்.

வினாடிக்கு 60 முறை மாறுற 60 ஹெர்ட்ஸ் திரையில பார்த்தா வேற ஒரு வேடிக்கை இருக்கு. 24 பிரேமை 60-ல பொருத்த ஒரு பிரேமை 2 முறை, அடுத்ததை 3 முறை காட்டும். ஒன்ஸ்ல அசையிற ஆள் இதனால லேசா நொண்டுவான். டூஸ்ல இருக்கிறவனுக்கு 2 கூட்டல் 3, எப்பவுமே 5. சீரா இருப்பான். ஹோபிக்கு ஒருமுறை 7, அடுத்தமுறை 8.

ஒலிக்கு, இரவு ஒலி மாதிரியான வசதியைப் போட்டா டிரம்ஸ் அடங்கி வசனம் மேல வரும். 5.1 ஸ்பீக்கர் இருந்தா அதைத் தொட வேண்டாம், நடு ஸ்பீக்கரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் ஏத்துங்க.

கயல்_க

நாமளே எண்ணிப் பார்க்க வழி இருக்கா? கம்ப்யூட்டர்ல ப்ளூரே பிரதி வெச்சிருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க.

பிரேம்24

செப்டம்பர்ல ப்ளூரே வந்ததால இப்போ சுலபம். விஎல்சியில திறந்து, ஷாட்டை நிறுத்திட்டு, கீபோர்டில் ஆங்கில ‘இ’ எழுத்தைத் தட்டினா ஒவ்வொரு பிரேமா நகரும். கேமரா நகராத ஷாட்டா எடுங்க. நகர்ற ஷாட்டா இருந்தா மொத்தத் திரையும் ஒவ்வொரு தட்டுக்கும் மாறும், ஏமாந்துடுவீங்க. அப்போ முழங்கைக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளி மாதிரி உடம்புக்குள்ளேயே ஒரு அளவைப் பிடிச்சுக்கணும். 24 தட்டுக்கு நிலை எத்தனை முறை மாறுதுன்னு குறிச்சுக்கோங்க. 12 வந்தா டூஸ், 8 வந்தா த்ரீஸ்.

கயல்_க

மைல்ஸும் க்வெனும் தலைகீழா உக்காந்து பேசுற ஷாட்ல மைல்ஸுக்கு 13 வருது. கணக்கு தப்பா?

பிரேம்24

தப்பு இல்ல. ஷாட் ஒரு நிலையோட நடுவுல வெட்டித் தொடங்கியிருந்தா முதல் நிலை 1 பிரேம்தான் நிக்கும், முந்தின ஷாட்ல இருந்து மாறுற தட்டையும் சேர்த்து எண்ணியிருந்தா அங்க ஒண்ணு கூடும். இல்லன்னா வேகமா தலை திரும்பின இடத்துல அனிமேட்டர் ஒரு ஒன்ஸ் சொருகியிருப்பாரு. எந்தத் தட்டுல ரெண்டு மாத்தம் அடுத்தடுத்து வருதுன்னு பாருங்க. தொடக்கத்துலயே வந்தா வெட்டு, நடுவுல வந்தா அந்த ஒரு பிரேம் வேணும்னே போட்டது.